கர்டா சண்டையை வெளியே சொன்னது யார்?

கிதியோனுக்குச் சந்தேகம் வந்துட்டா சோறு இறங்காது. பால்காரர் பெல்லை ரெண்டு தடவை அடிச்சாக்கூட, "கைக்கு ரெண்டு தடவை?"ன்னு, அதாவது ஏன் ரெண்டு தடவைன்னு, நெற்றியைச் சுருக்கிக்கிட்டு உட்கார்ந்திருப்பான். நிஜாம் ஆண்ட ஊர்ல, லாலாகுடாங்கற பேட்டையில பிறந்து, அங்கேயே பிளெசியைக் கட்டி, அங்கேயே தலை நரைக்க ஆரம்பிச்ச மனுஷன். தொழில், தெலுங்கு சீரியலுக்கு வசனம் எழுதறது. எழுதறது இவன், திரையில ஓடறது இன்னொருத்தர் பேர். சாகறதுக்குள்ள ஒரு தடவையாவது தன் பேரைத் திரையில பார்த்துடணும்னு அவனுக்கு இருந்த வெறி கொஞ்சநஞ்சமில்லை.

அந்த நாளும் வந்துட்ட மாதிரிதான் இருந்தது. பெரிய தயாரிப்பாளர் ஒருத்தர் கூப்பிட்டு, "யாரும் படமெடுக்காத பழைய சண்டை ஒண்ணைக் கொண்டு வா. கதை பிடிச்சிருந்தா திரைக்கதைன்னு உன் பேரையே போடறேன்"னு சொல்லிட்டார். கிதியோனுக்கு வசனம் வரும், சரித்திரம் வராது. அதுக்குத்தான் மங்கையர்க்கரசி சேர்ந்தா.

மங்கை திருநெல்வேலிக்காரி. ஐ.டி. கம்பெனியில வேலை, புருஷனுக்குக் காஞ்சன்பாக்ல பாதுகாப்பு ஆராய்ச்சிக் கூடத்துல உத்தியோகம், அங்கேயே குவார்ட்டர்ஸ். ஒரு திரைக்கதை வகுப்புல பழக்கமானவ. கிதியோனை வாய் நிறைய "அண்ணே"ன்னு கூப்பிடுவா. சரித்திரம் அவ தேடிக் கொடுக்கணும், வசனம் இவன் எழுதணும், ரெண்டு பேர் பேரும் பக்கத்துல பக்கத்துல வரணும். இதுதான் பேச்சு. சனிக்கிழமையானா மல்காஜ்கிரியில ஒரு இரானி ஹோட்டல்ல உட்கார்ந்துடுவாங்க.

சண்டையைத் தேர்ந்தெடுக்கறது என்ன லேசுப்பட்ட வேலையா? அவ ஒண்ணொண்ணா எடுத்து வைப்பா, இவன் ஒண்ணொண்ணாத் தட்டிவிடுவான்.

"இது நக்கோம்மா, வேண்டாம். இதுல யானை வருது. யானைன்னு சொன்னாலே தயாரிப்பாளர் எழுந்து போயிடுவார்."

"அப்ப இது?"

"ஐயோ, ஜெயிச்சவங்க பேரன் கேஸ் போடுவான், தோத்தவங்க பேரன் கல்லெறிவான்."

கடைசியில ஒருநாள் அவ கர்டாவை எடுத்துப் போட்டா. "நிஜாமுக்கும் மராட்டியருக்கும் 1795-ல நடந்ததுண்ணே. நம்ம ஊர் நிஜாம்தான், ஆனா இங்கன யாருக்கும் இந்தச் சண்டை தெரியல. அவர் படையில பொம்பளைச் சிப்பாய்ங்க ரெண்டு பட்டாளம் இருந்திருக்கு. துப்பாக்கி தூக்கிக்கிட்டு, உடுப்புப் போட்டுக்கிட்டு. சண்டை ஒழுங்கா முடியக்கூட இல்ல. இருட்டுல பீதி பிடிச்சு, படை மொத்தமும் பின்வாங்கி ஒரு சின்னக் கோட்டைக்குள்ள போய் அடைஞ்சிருக்கு. மத்தவங்களைவிட அந்தப் பொம்பளைங்க மோசமா நடந்துக்கலைன்னு வெள்ளைக்காரன் எழுதி வச்சிருக்கான். பாராட்டுதானாம்! அதை நெனைச்சா எனக்கு ஆத்திரமா வருதுண்ணே. எல்லாரும் ஓடும்போது அவளுங்க என்ன நெனைச்சிருப்பாளுங்க? அதுதான் நம்ம படம்."

கிதியோன் டீயைக் குடிக்க மறந்துட்டான். உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு அவனுக்கு. இதுதான், இதைவிட்டா வேற கிடையாதுன்னு மனசு அடிச்சுச் சொல்லுச்சு.

"இதை வெளியே மூச்சுக் காட்டக் கூடாது"ன்னான், சுத்துமுத்தும் பார்த்துட்டு. "சினிமாவுல கதையைத் திருடறவன் முகத்துல எழுதி ஒட்டியிருக்காது."

"எங்க வீட்ல அவுக என்ன வேலை பாக்காகன்னு எனக்கே தெரியாதுண்ணே. ரகசியம் எங்களுக்குப் பழகினதுதான்." சிரிச்சவ, கொஞ்சம் தயங்கிக் கேட்டா. "தயாரிப்பாளர்கிட்ட என் பேரைச் சொல்லிட்டியளா?"

"சொல்லிடுவோம்மா. நேர்ல பார்க்கும்போது சொன்னாத்தான் நல்லாயிருக்கும்."

அவ அதுக்குமேல கேட்கலை.

கதை சொல்ல ஒரு திங்கட்கிழமையைக் குறிச்சாச்சு. அதுக்கு முந்தின செவ்வாய்க்கிழமை பத்ரி போன் பண்ணினான். கிருஷ்ணா நகர்ல உதவி இயக்குநரா அலையற பையன், கிதியோன்மேல பாசம். "அண்ணா, வேற ஒரு கம்பெனியில பேசிக்கறாங்க. நிஜாம் காலத்துச் சண்டையாம், கர்டாவோ என்னவோ பேராம். லேடீஸ் பட்டாளம்னுகூட சொன்னாங்க. உங்க கதைக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லையே?"

கிதியோன் போனை வச்சுட்டு விரல்விட்டு எண்ண ஆரம்பிச்சான். யார்? தயாரிப்பாளருக்கே இன்னும் கதை தெரியாது. வீட்டுல பிளெசிக்குக்கூட, ஏதோ பழைய சண்டைன்னு மட்டும்தான் சொல்லி வச்சிருந்தான். மிச்சம் யாரு? மங்கைதான்.

அப்புறம் கேட்கணுமா! அவ செஞ்ச ஒவ்வொண்ணும் கண்ணு முன்னால வந்து நின்னுச்சு. போனை எப்பவும் கவுத்துத்தான் வைப்பா, எதுக்கு? போன் வந்தா எழுந்து வெளியே போய்ப் பேசுவா, யார்கிட்ட? பேரைச் சொல்லிட்டியளான்னு கேட்டாளே, அப்படியென்ன அவசரம்? ரகசியம் பழகினவளாமே. ரகசியம் பழகினவளுக்கு மறைக்கவும் பழகியிருக்குமே! கிதியோன் ராஜா வீட்டு வக்கீல் மாதிரி தனக்குள்ளயே வழக்கை நடத்தி, தானே தீர்ப்பும் எழுதிட்டான். சாட்சி மட்டும்தான் பாக்கி.

அதுக்கும் வழி கண்டுபிடிச்சான். புதன்கிழமை காலையில அவளுக்குப் போன் போட்டான். "மங்கை, கர்டா வேண்டாம். தயாரிப்பாளர் மனசு மாறிட்டார். அடையாறு சண்டையை எடுத்துக்கலாம். சென்னையில, ஆத்தங்கரையில, பிரெஞ்சுக்காரங்களுக்கும் நவாப் படைக்கும் நடந்ததுன்னு நீயே சொன்னியே."

"கர்டாவை விடணுமாண்ணே?" அவ குரல் உடைஞ்சு போயிருந்தது. நடிக்கறா பாருன்னு நினைச்சுக்கிட்டான் பாவி மனுஷன். அடையாறு வெளியே வந்துச்சுன்னா கையும் களவுமா மாட்டுவா. அந்தப் பேரை வேற யார்கிட்டயும் அவன் சொல்லப் போறதில்லை.

புதன்கிழமை சாயங்காலம் வழக்கம்போல பேபி ஆன்ட்டி வீட்டுல ஜெபக்கூட்டம். சபையில இருக்கற சில குடும்பங்கள் கூடி, பாட்டுப் பாடி, ஒவ்வொருத்தரும் தங்கள் பாரத்தை வாய்விட்டுச் சொல்லி ஜெபிக்கறது அங்க பல வருஷப் பழக்கம். பொத்தாம்பொதுவா ஜெபிச்சா பேபி ஆன்ட்டிக்குப் பிடிக்காது. "ஆண்டவருக்கு எல்லாம் தெரியும், ஹவ், ஆமா. ஆனா உன் வாயால விவரமாக் கேட்கணும்னு எதிர்பார்க்கறார்"னு சொல்லுவாங்க. கிதியோன் மண்டி போட்டு, கண்ணை இறுக்க மூடி, மனசுல இருந்ததெல்லாம் கொட்டி அழுதான். சுத்தியிருந்தவங்க "ஆமென், ஆமென்"னு தாங்கினாங்க. எழுந்தப்போ நெஞ்சு லேசாயிருந்தது.

வெள்ளிக்கிழமை பத்ரி மறுபடி கூப்பிட்டான். "அண்ணா, வேடிக்கையா இருக்கு. அந்தக் கம்பெனியில இப்ப அடையாறு சண்டைங்கறாங்க."

சிக்கிட்டா! கிதியோனுக்குக் கோபம் பொங்குச்சு. அதோட, சொன்னா வெட்கம், உள்ளுக்குள்ள ஒரு சந்தோஷமும் இருந்தது. நான் நினைச்சது சரிதான்னு நிரூபணமாகறதுல இருக்கற சந்தோஷம் அது.

சனிக்கிழமை இரானி ஹோட்டல்ல அவ பையைக்கூடக் கீழே வைக்கலை, இவன் ஆரம்பிச்சுட்டான்.

"அடையாறுங்கற பேரை உன்கிட்ட மட்டும்தான் சொன்னேன். எப்படி வெளியே போச்சு?"

அவளுக்கு முதல்ல புரியலை. புரிஞ்சப்போ முகம் வெளுத்துடுச்சு. "என்னைச் சோதிச்சுப் பாத்தியளாண்ணே?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"வேற யார்கிட்டயும் சொல்லலியா நீங்க? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"ஒரு மனுஷன்கிட்டயும் சொல்லலை. ஆண்டவர் சாட்சி!"

மங்கை அவனையே பார்த்துக்கிட்டிருந்தா. கண்ணு நிறைஞ்சுது, ஆனா அழலை. "அப்ப நான்தான்னு முடிவே பண்ணிட்டிய"ன்னு மட்டும் சொல்லிட்டு எழுந்து போயிட்டா. கிதியோன் அந்தச் சூட்டோடயே தயாரிப்பாளருக்குப் போன் பண்ணினான். திங்கட்கிழமை கர்டா கதையைச் சொல்லப் போறது தான் ஒருத்தன்தான், திரைக்கதையும் தான் ஒருத்தன்தான்னு அடிச்சுச் சொன்னான். "வேற யாராவது இருக்காங்கன்னு நீ எப்ப சொன்னே?"ன்னு அவர் ஆச்சரியமாக் கேட்டார். இவன் மழுப்பிட்டு வச்சுட்டான்.

மறுநாள் ஞாயிறு ஆராதனை முடிஞ்சு வெளியே வர்றான், வெஸ்லி ஓடி வந்து கையைப் பிடிச்சுக்கிட்டான். பேபி ஆன்ட்டி மகன், டப்பிங் ஸ்டுடியோவுல சவுண்ட் இன்ஜினியர். தங்கமான பையன்.

"அங்கிள், அந்தத் துரோகி மாட்டினாங்களா?"

"எந்தத் துரோகி?" கிதியோனுக்கு ஒண்ணும் ஓடலை.

"அதான் அங்கிள், புதன்கிழமை ஜெபத்துல சொன்னீங்களே. அடையாறுன்னு பொய் சொல்லியிருக்கேன், இது வெளியே வந்து துரோகி வெளிப்படணும்னு. நான் ஸ்டுடியோவுல ரெண்டு பிரதர்ஸ்கிட்ட சொல்லி, லன்ச் டைம்ல ஒருமனமா ஜெபிச்சோம். அதுக்கு முந்தின வாரம் கர்டா படம் நல்லா வரணும்னு ஜெபிச்சீங்க இல்ல, பொம்பளை பட்டாளம்னு, அதுக்கும் நாங்க ஜெபிச்சோம் அங்கிள். ஸ்டுடியோவே ஜெபிச்சுதுன்னு வச்சுக்கோங்களேன்!"

ஆண்டவர்கிட்ட சொன்னதை கிதியோன் ஒருநாளும் சொன்ன கணக்குல சேர்த்ததில்லை. சத்தம் போட்டுத்தான் சொன்னான், ஒரு ஹால் முழுக்க ஜனம் காதைத் திறந்து வச்சுக்கிட்டுத்தான் இருந்தது. இருந்தும் அவனுக்கு அது தோணவே இல்லை. தெய்வமே!

பிளெசிதான் உலுக்கினா. பக்கத்துல நின்னு எல்லாத்தையும் கேட்டுட்டா. "கைக்கு இப்படி முழிக்கிறீங்க? அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போங்க. போய் மன்னிப்புக் கேளுங்க. இப்பவே!"

காஞ்சன்பாக் குவார்ட்டர்ஸ்ல வெளியாளுங்களைச் சும்மா உள்ளே விட மாட்டாங்க. கிதியோன் கேட்டுக்கு எதிர்ப்பக்கம் மரத்தடியில நின்னு போன் பண்ணினான். அவ வர மாட்டாள்னுதான் நினைச்சான். வந்தா. கிதியோன் ஜெபக்கூட்டத்துல நடந்ததைச் சொன்னான்.

"தப்பு முழுக்க என்னோடதும்மா. நாளைக்கு நீயும் வா. ரெண்டு பேருமா கதை சொல்லுவோம். உன் பேரையும் சொல்லிடறேன்."

மங்கை கையைக் கட்டிக்கிட்டு நின்னா. கோபமில்லை, அதுதான் அவனுக்குப் பயமா இருந்தது.

"ஜெபத்துல துரோகின்னு சும்மா சொன்னியளா, பேரைச் சொன்னியளா?"

"சொன்னேன்."

"மங்கைன்னா?"

"இல்லம்மா." அவனால தலையை நிமிர்த்த முடியலை. "விவரமாச் சொல்லணும்னு... மங்கையர்க்கரசின்னு."

"காஞ்சன்பாக்னும் சொன்னியளா?"

"ஹவ்."

"தயாரிப்பாளர்கிட்ட?"

கிதியோன் செருப்பால மண்ணைக் கீறினான். ரோட்டுல ஒரு பஸ் போச்சு. அது போய் முடியற வரைக்கும் அவ பதிலுக்குக் காத்திருந்தா.

"ஆக, இத்தனை மாசத்துல என் முழுப் பேரை நாலு பேர் கேக்க நீங்க சொன்னது அந்த ஒரு இடத்துலதான். இல்லையாண்ணே?"

அவன் கண்ணுல தண்ணி வந்துடுச்சு.

"கர்டாவை நீங்களே வச்சுக்கிடுங்க. நாளைக்கு நல்லாச் சொல்லுங்க, உங்க பேரு வரட்டும்"னு சொல்லிட்டு அவ கேட்டுக்குள்ள போயிட்டா. திரும்பிப் பார்க்கலை.

கிதியோன் ரோட்டைத் தாண்டி கேட் பக்கத்துல போய் நின்னான். அவ போன வழியையே பார்த்துக்கிட்டு நின்னவனைக் காவல்காரர் ஒரு மாதிரியாப் பார்த்தார். அப்புறம் பேனாவை எடுத்துக்கிட்டு, யாரைப் பார்க்க வந்தீங்க, பேரைச் சொல்லுங்கன்னு ஹிந்தியில கேட்டார். ரெண்டாவது தடவையும் கேட்டார். கிதியோனுக்கு அந்தப் பேரைச் சொல்ல வாய் வரலை.