மூன்று பனி அட்டைகள்

முன்பனிப் பருவம் தன் வரவை யாருக்கும் அறிவிப்பதில்லை. ஒருநாள் விடியலில் தெருவிளக்கைச் சுற்றி ஒரு வெண்மை தங்கி நிற்கும். மறுநாள் அது சற்றுத் தாழ்ந்து மதில்மேல் அமரும். அதன்பின் நண்பகலிலும் படிக்கட்டின் கைப்பிடி ஈரமாகவே கைக்குத் தட்டுப்படும். கொடியில் உலர்த்திய துணி உலராது. பறவைகள் கூவத் தொடங்கிப் பாதியில் நிறுத்திவிடும். மரங்கள் இலையை உதிர்க்க மனமின்றியும் தாங்க வலுவின்றியும் நிற்கும். உயிர்கள் எல்லாம் தம்முள்ளே ஒடுங்கி, இருப்பதைக் காத்துக்கொண்டால் போதும் என்று அமைந்திருக்கும் காலம் அது.

அந்தப் பருவத்தின் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில், மூன்றாம் மாடி வீடொன்றின் உணவு மேசையைச் சுற்றி மூவர் அமர்ந்திருந்தனர். ஒருவர் நில அளவையாளர். எட்டு மாதமாக வேலைக்குப் போகாமல் நோயோடு இருப்பவர். அடுத்தவள் அவர் மனைவி. மருந்துக்கடை ஒன்றில் மருந்தாளுநர். மூன்றாமவன் அவளுடைய தம்பி, பேருந்து ஓட்டுநர். மேசைமேல் கடல் வரைந்த பலகை விரித்திருந்தது. நடுவில் ஒரு கலங்கரை விளக்கம். ஓரங்களில் மூன்று மரப் படகுகள்.

பதினோராண்டாக ஞாயிறுதோறும் அவர்கள் ஆடும் ஆட்டம் இது. இதில் ஒருவரை ஒருவர் வெல்வது என்பதில்லை. மூவரும் ஒரு பக்கம், ஆட்டம் எதிர்ப்பக்கம். தம் முறை வரும்போது ஒவ்வொருவரும் படகை நகர்த்திவிட்டு அட்டைக்கட்டிலிருந்து ஓர் அட்டையை எடுக்க வேண்டும். நாற்பது அட்டைகளில் ஒன்பது பனி. ஏழாவது பனி வெளிப்பட்டால் விளக்கு அணையும், மூவரும் தோற்பார்கள். அதற்குள் மூன்று படகும் கரை சேர்ந்தால் மூவரும் வெல்வார்கள். பெட்டி மூடியின் உட்புறத்தில் 'நாம்' என்றும் 'பனி' என்றும் எழுதி, ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு பென்சில் கோடு இழுப்பது தம்பியின் பொறுப்பு. பனியின் பக்கத்தில்தான் நெருக்கம் அதிகம்.

ஆனால் கடந்த ஐந்து வாரமும் 'நாம்' பக்கத்திலேயே கோடு விழுந்திருந்தது.

"இன்னிக்கும் ஜெயிச்சா ஆறு," என்றான் தம்பி. "எல்லாம் என் கை ராசி மாமா."

"உன் கை ராசிதான் போன மாசம் பஸ்ஸைக் கொண்டுபோய் நடுச்சுவர்மேல ஏத்துச்சு."

"அது சுவர் கொஞ்சம் நகர்ந்து வந்துடுச்சு."

"டேய், உன் படகை வடக்கே தள்ளு," என்றாள் அக்காள். "ஏங்க, நீங்க ரெண்டு கட்டம் போங்க, அங்கேயே நில்லுங்க. அடுத்து நான் வரேன்."

"நீயே மூணு படகையும் ஓட்டிடேன் அக்கா. வாரம் பூரா ஸ்டியரிங் பிடிச்சவனுக்கு ஒரு நாளாவது லீவு வேணும்ல."

அளவையாளர் சிரித்தார். மருந்தின் விளைவால் அவர் விரல் நுனிகள் மரத்துப் போயிருந்தன. படகை விரல் முட்டியால் தள்ளினார். அவருக்குரிய அட்டையை மனைவியே எடுத்துத் திருப்பினாள். காற்று. அடுத்தது நீரோட்டம். அதற்கடுத்தது பனி, அன்றைய நான்காவது. அவள் முகத்தில் சலனம் இல்லை.

சலனத்துக்கு அங்கே இடமும் இல்லை. அட்டைக்கட்டில் ஆறு பனிதான் இருந்தன. மற்ற மூன்றையும் அவளே எடுத்து ஒளித்திருந்தாள்.

ஐந்து வாரத்துக்கு முன் மருத்துவர் அவளைத் தனியாக அழைத்தார். அவர் சொல்லி முடிப்பதற்குள்ளேயே அறிக்கையை அவள் படித்து முடித்துவிட்டாள். அதிலிருந்த சொற்களோடு இருபது ஆண்டு பழகியவள். மருந்து இனிக் கேட்காது. இதைவிடக் கடுமையான ஒன்றைக் கொடுத்துப் பார்க்கலாம், அல்லது நிறுத்திவிடலாம். எது என்பதைக் கணவரிடமே கேட்டு வாருங்கள் என்றார் மருத்துவர். சரி என்று தலையசைத்து வெளியே வந்தவள், நாற்காலியில் காத்திருந்த கணவரிடம், "மருந்து நல்லாக் கேக்குதாம்," என்று சொல்லிவிட்டாள். அந்த வாரமே பனி அட்டைகளில் கை வைத்தாள். வருகிற புதன்கிழமை கடுமையான மருந்தைத் தொடங்குவதற்கு நேரமும் வாங்கியாயிற்று. பழைய மருந்துதான் என்று சொல்லி அழைத்துப் போய்விடலாம் என்பது அவள் எண்ணம்.

மூன்று படகும் கரை சேர்ந்தன. தம்பி ஆறாவது கோட்டை அழுத்தி இழுத்தான். அவள் தேநீர் போட எழுந்தாள்.

பால் பொங்கக் காத்து நின்றபோது அந்த ஒலி வந்தது. மேசைமேல் அட்டைகள் ஒவ்வொன்றாக வைக்கப்படும் ஒலி. வைப்பவன் தம்பி, எண்ணும் குரல் அவருடையது. பத்து, இருபது, முப்பது. பிறகு குரல் தாழ்ந்தது. பால் பொங்கி வழிந்த பிறகுதான் அவள் கை அடுப்பை அணைக்கப் போனது.

தட்டோடு வந்து பார்த்தாள். பத்துப் பத்தாக மூன்று வரிசை. நான்காவதில் ஏழு.

"உட்காரு," என்றார் அவர். "முப்பத்தேழு இருக்கு. பனி ஆறு."

"எங்கேயாவது விழுந்திருக்கும் மாமா, நான் பார்க்கறேன்." தம்பி குனிந்து மேசைக்கடியில் தலையை நுழைத்தான்.

"எழுந்திருடா. தவறி விழற மூணும் பனியாவே விழாது."

தம்பி எழுந்தான். மாமாவைப் பார்த்தான், அக்காளைப் பார்த்தான், பிறகு, தான் அழுத்தி இழுத்த கோட்டைப் பார்த்தான்.

"ஒரு நிலத்தைச் சுத்தி அளந்தா, ஆரம்பிச்ச கல்லுக்கே வந்து சேரணும்," என்றார் அளவையாளர். "ஒரு முழம் தள்ளி நின்னா, நிலத்தைக் குத்தம் சொல்ல முடியாது. எங்கே பிசகுச்சுன்னு வந்த வழியே திரும்பி நடக்கணும். நானும் நடந்து பார்த்தேன். அஞ்சு வாரமா ஏழாவது பனி வரல. அஞ்சு வாரத்துக்கு முன்னாலதான் நீ மட்டும் டாக்டர் ரூமுக்குள்ள போயிட்டு வந்தே." மூச்சு வாங்கிக்கொண்டு கையை நீட்டினார். "மிச்ச மூணையும் எடுத்துட்டு வாம்மா."

அவள் படுக்கையறைக்குச் சென்று அலமாரியைத் திறந்தாள். புடவைகளுக்கு அடியில் ஒரு பழுப்பு உறை. அதற்குள் மூன்று அட்டைகள். அவற்றோடு அந்த அறிக்கை. இரண்டையும் ஏன் ஒன்றாக வைத்தாள் என்பது அவளுக்கே தெரியாது. மறைக்க வேண்டியவை என்று கை தானாகச் சேர்த்து வைத்திருந்தது. இப்போது அட்டைகளை மட்டும் தனியே உருவினாள். இவற்றைக் கொடுத்துவிட்டு, சும்மா விளையாட்டுக்குச் செய்தேன், நீங்கள் சிரிப்பதைப் பார்க்க ஆசையாக இருந்தது என்று சொல்லலாம். அது பொய்யும் அன்று. அவர் நம்பாவிட்டாலும் நம்பியதுபோல் இருந்துவிடுவார்; அத்தனை பண்புடையவர்.

அந்தப் பண்பை நினைத்ததும் அவளுக்கு உடம்பு கூசியது. அட்டைகளை மறுபடி உறைக்குள் போட்டு, உறையோடு எடுத்து வந்தாள்.

அவர் அறிக்கையை வெளியே எடுத்தார். மரத்த விரலில் தாள் வழுக்கியது. பிரித்துப் பார்த்துவிட்டு அவளிடமே நீட்டினார். "நீயே சொல்லு. கடையில மாத்திரை வாங்க வர்றவங்களுக்குச் சொல்ற மாதிரி, தெளிவா."

சொன்னாள். எங்கெல்லாம் பரவியிருக்கிறது என்று சொன்னாள். புது மருந்தால் இரண்டு மாதம் கூடலாம், கூடாமலும் போகலாம். விரலின் மரப்பு முழங்கை வரை ஏறும் என்று சொன்னாள். வேண்டாம் என்றால் வீட்டிலேயே, வலிக்கு மட்டும் மருந்து என்றாள்.

"எதுன்னு யாரைக் கேட்கச் சொன்னார்?"

"உங்களைத்தான்."

தம்பி எழுந்து சன்னலோரம் போய் நின்றான். அவன் முதுகு குலுங்கிற்று.

"தோத்துடுவோம்னு எனக்குப் பயமில்லை," என்றார் அவர். "பதினோரு வருஷமா தோத்துட்டுத்தானே இருக்கோம். மூணு பேரும் ஒரே பக்கம்னு நெனச்சு உட்கார்ந்திருந்தேன். நீ என்னை விட்டுட்டு, தனியாப் போய் எதிர்ப்பக்கத்துக்காரனோட பேசி முடிச்சுட்டு வந்திருக்கே. அஞ்சு வாரம் ஒருத்தியா அதைச் சுமந்திருக்கே பாரு, அதுதான் எனக்குத் தாங்கல."

அவள் மேசைமேல் கவிழ்ந்து அழுதாள். அவர் தடுக்கவில்லை. விரல் முட்டியால் அவள் தலையை மெல்லத் தடவிக்கொண்டிருந்தார். தேநீர் ஆறி ஏடு படிந்தது.

பின்பு அவரே சொன்னார். "மாப்ளே, வா. நாப்பதையும் சேர்த்துக் கலை."

"இப்பவா மாமா?"

"இப்பதான். ஆறு பனியோட ஆடினா அது ஆட்டமா? நீ ஓட்டற பஸ்லயாவது பயந்துகிட்டே ஏறலாம்."

அழுத கண்ணோடு தம்பி சிரித்துவிட்டான்.

ஆடினார்கள். முதல் சுற்றிலேயே இரண்டு பனி விழுந்தது. அளவையாளர் படகைத் தெற்கே தள்ளினார். அது பிழை, நீரோட்டம் அங்கேதான் இழுக்கும். சொல்ல வாய் திறந்த அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவர் அதைக் கவனித்தார். "சொல்லணும்னா சொல்லு. கேட்டுக்கறேன். ஆனா தள்ளப் போறது நான்," என்றார். அவள் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டு, தெற்கிலேயே நின்றார். நான்கு, ஐந்து, ஆறு என்று பனி ஏறியது. தம்பியின் படகு கரை சேர்ந்தது, அவளுடையதும் சேர்ந்தது. அவர் படகு மூன்று கட்டம் பின்னால் இருந்தபோது ஏழாவது பனி வந்தது. அன்று அதை எடுத்தவள் அவளே.

தம்பி பெட்டி மூடியை எடுத்தான். கடைசி ஆறு கோடுகளையும் அழிப்பான் கொண்டு அழித்தான். எதிர்ப்பக்கத்தில் ஒன்றை இழுத்தான்.

"புதன்கிழமை நானே டாக்டர்கிட்டப் பேசறேன். புது மருந்து வேண்டாம்னு சொல்லப் போறேன்," என்றார் அவர். "நீங்க ரெண்டு பேரும் கூட இருந்தாப் போதும்."

அவள் எதிர்வாதம் செய்யவில்லை. சரி என்று தலையசைத்தாள்.

அந்தி விளக்கேற்றும் நேரம் ஆயிற்று. முகம் கழுவி வந்து, கூடத்து மூலையில் விளக்கின் திரியைத் தூண்டி ஏற்றி, கைகூப்பி நின்றாள். இத்தனை நாளும் இவ்விடத்தில் அவள் வாய் ஓயாது கேட்டுக்கொண்டே இருந்தது: இன்னும் ஓராண்டு, இன்னும் ஒரு பருவம் என்று. இன்று எதையும் கேட்கவில்லை. சிறுவயதில் மனனம் செய்த துதியை, ஓசை வெளியே வராமல், முதலடி தொடங்கி ஈற்றடி வரை ஒரு சொல் விடாமல் சொல்லி முடித்தாள். தம்பி அருகே வந்து கண்மூடி நின்றான். நாற்காலியில் இருந்தபடியே அளவையாளரும் விரல் மரத்த தம் இரு கைகளையும் ஒன்றோடொன்று சேர்த்தார்.

திரும்பி வந்து இருவரும் அவர் முன் அமர்ந்தபோது, சேர்த்த கைகளைப் பிரித்து ஆளுக்கொன்றாகத் தலைமேல் வைத்தார்.

"நல்லா இருங்க," என்றார். "ஒருத்தருக்கொருத்தர் துணையா, நீண்ட நாள் நல்லா இருங்க."