நான் சாகடித்த மாமா

என் நாக்கு நுனியில் ஒரு கரும்புள்ளி உண்டு. நான் சொன்னால் பலித்துவிடும் என்று வீட்டில் எல்லாருக்கும் பயம். எட்டு வயதில், "இந்தப் பூனை இனிமே வராது" என்றேன். வரவே இல்லை. அதனால் நான் யாரையும் சபிப்பதில்லை. பொய் மட்டும் சொல்வேன்.

இன்று காலையும் ஒன்று சொன்னேன். இருபத்திரண்டு வருஷமாக நான் உயிரை விடும் ராக் குழு காப்பர் மான்சூன். முதல் தடவையாகப் பினாங்குக்கு வருகிறார்கள், மாலை ஐந்து மணிக்கு, ஜார்ஜ்டவுன் கடலோரத் திடலில். எங்கள் ஃபேக்டரியிலோ இந்த மாதம் சாவுக்கு மட்டும்தான் லீவு. போனில் சூப்பர்வைசர் ரோஹானா, "யார் இறந்தது?" என்று கேட்டதும் வாயில் வந்த பெயரைச் சொல்லிவிட்டேன். பழனியப்பன் மாமா.

அப்பா போனபின் என்னை வளர்த்தவர் அவர். சிம்பாங் அம்பாட்டில் தனியாக இருக்கிறார். இரண்டு வருஷத்துக்கு முன் இருதய ஆபரேஷன். ஊரில் இத்தனை பேர் இருக்க, அவர் பெயரா வரவேண்டும்? போனை வைத்ததுமே ஓடிப்போய் வாயைக் கொப்பளித்தேன்.

ஆனால் மாலையில் திடலில் டிரம்மின் முதல் அடி விழுந்ததும் எல்லாம் மறந்துபோனது. அடி என் நெஞ்சுக்குள்ளேயே விழுந்தது. நானும் குதித்தேன், தொண்டை கிழியக் கத்தினேன். முப்பத்தொன்பது வயது என்று யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

மூன்றாவது பாட்டில்தான் போனைப் பார்த்தேன். மாமாவிடமிருந்து ஏழு அழைப்புகள். அவர் ஒரு தடவைக்கு மேல் கூப்பிடும் ஆளே இல்லை. கீழே, மாமாவின் பக்கத்து வீட்டு ரமணியின் செய்தி:

"அக்கா, மாமா வீட்டு முன்னுக்கு நாலு கார் நிக்கிதாம், மலர் வளையம் இறக்குறாங்களாம். மக சொன்னா, நான் வெளிய இருக்கேன். என்னாச்சி?"

திருப்பிக் கூப்பிட்டேன். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. முன்னால் கம்பி வேலி, பின்னால் ஆயிரக்கணக்கில் ஆட்கள். "தம்பி, வழி விடுங்க!" என்று அலறினேன். பக்கத்தில் இருந்தவன் நான் பாடுகிறேன் என்று நினைத்துக் கூடவே கத்தினான். தண்ணிமலை முருகா, நான் சொன்னது பொய், வெறும் பொய், திருப்பி எடுத்துக்கொள் என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன். ரத்தம் கரித்தது.

அப்போது பார்த்து என் பாட்டைத் தொடங்கினார்கள். அதற்காகத்தான் வந்தேன். இப்போது அது இழவு வீட்டு மேளமாகக் கேட்டது.

போன் அதிர்ந்தது. திரையில் 'மாமா'. அவர் போனிலிருந்து யார் செய்தி சொல்லப்போகிறார்களோ என்று எடுக்கவே பயமாக இருந்தது. எடுத்து, மறு காதைப் பொத்திக்கொண்டேன்.

ஓர் இருமல். எனக்குத் தெரிந்த இருமல்.

"குமுதா, நான் எப்ப செத்தேன்?"

நான் குலுங்கிக் குலுங்கி அழுதேன்.

"அழுவாத லா. உன் ஃபேக்டரி ஆளுங்க மலர் வளையத்தோட ஹால்ல உக்காந்திருக்காங்க. உன் ஃபாரத்துல என் அட்ரஸ்தான் இருக்காம். நான் அடுப்படியில நின்னு பேசுறேன். செத்தது என் தம்பி, கெப்பாலா பத்தாஸ்ல, நீ அங்க இருக்கேன்னு சொல்லிட்டேன்."

"உங்களுக்கு ஏது மாமா தம்பி?"

"அதான். சாகடிக்கிறதுன்னா இல்லாத ஆளா பாத்து சாகடிக்கணும்."

சிரித்தார்.

"குமுதா... எதுக்கும் நீ சொன்னத மாத்திச் சொல்லிடு. மாமா நூறு வயசு இருப்பாருன்னு சொல்லு. சத்தமா சொல்லு."

குரல் நடுங்கியது. அவருக்கும் பயம்தான்.

பாட்டு முடிந்து திடலே அலறிக்கொண்டிருந்தது. நான் போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, கடித்த நாக்கோடு கத்தினேன். "என் மாமா நூறு வயசு இருப்பாரு!"

பக்கத்தில் இருந்தவனும் கையை உயர்த்தி, "நூறு வயசு!" என்று கத்தினான்.