மஞ்சள் கோடும் வெள்ளைக் கோடும்

இருள் பிரியும் முன்பே மெக்கானிக் ஷெட்டுக்குள் வண்டிகள் வந்து நின்றுவிடும். இரவெல்லாம் பெங்களூர் எலக்ட்ரானிக் சிட்டி கால் சென்டர்களுக்கு ஆள் ஏற்றி இறக்கிய வாடகைக் கார்கள். இன்ஜின் சூடு ஆறுவதற்குள் அடியில் போய்ப் படுத்தாக வேண்டும். ஆதிகேசவன் சாக்கை விரித்து மல்லாந்து, தோளால் உந்தி உந்தி ஒரு காருக்கு அடியில் நுழைந்தான். மார்கழிக் குளிர் சாக்கையும் சட்டையையும் தாண்டி முதுகெலும்பைத் தொட்டது. ஓசூர் ரோட்டுச் சேறு அச்சின் மேல் ஏடு ஏடாகக் காய்ந்து கிடந்தது. சுத்தியால் ஒரு தட்டு தட்டினான். கண், மூக்கு, வாய் எல்லாம் மண். துப்பிவிட்டு மறுபடி தட்டினான்.

அவன் கழற்றிக்கொண்டிருந்தது பால் ஜாயின்ட். முன் சக்கரத்தை வண்டியோடு கோக்கிற மூட்டு. மனுஷனுக்குத் தொடை எலும்பு இடுப்புக் குழிக்குள் திரும்புகிறதல்லவா, அதே மாதிரி ஓர் இரும்புக் குண்டு கிண்ணத்துக்குள் திரும்பும். மேலே ரப்பர் உறை, உள்ளே கிரீஸ். நல்ல சரக்கு வருஷக்கணக்கில் உழைக்கும். இந்த ஷெட்டில் மாட்டுவதோ ஒரு மழைக்காலத்தைத் தாண்டுவதில்லை. உறை வெடித்து, கிரீஸ் வற்றி, குண்டு தேய்ந்து, சக்கரம் ஆட்டம் கண்டு திரும்பி வந்துவிடும்.

நட்டைத் துடைத்துப் பார்த்தான். அதன் மேல் வெள்ளைப் பெயின்ட் கோடு. நாக்கில் வைத்த வெல்லம் போல மனசுக்குள் என்னவோ இனித்தது. வெள்ளை யூஜினுடைய நிறம்.

நட்டை முடுக்கியதும் நட்டுக்கும் போல்ட்டுக்கும் குறுக்கே ஒரு கோடு போடுவது எல்லா ஷெட்டிலும் உள்ள வழக்கம்தான். நட்டு தளர்ந்தால் கோடு உடைந்து காட்டிக் கொடுத்துவிடும். ஆனால் ஓனர் கோவிந்தராஜன் அதில் ஒரு புத்தியைப் புகுத்தியிருந்தார். ஆளுக்கொரு நிறம். ஆதிகேசவனுக்கு மஞ்சள், யூஜினுக்கு வெள்ளை, கன்னடக்காரன் நஞ்சுண்டனுக்குப் பச்சை. எவன் நிறம் திரும்பி வருகிறதோ அவன் கூலியில் பிடித்தம். போன மாதம் இன்னொன்றும் சொல்லியிருந்தார். மூத்த மெக்கானிக் இரண்டு பேர் இந்த ஷெட்டுக்கு அதிகம். இப்போதைக்கு யூஜின் ஃபோர்மேன். ஆதிகேசவனும் அவனும் வேலையைக் காட்டட்டும். அடுத்த மாசக் கடைசியில் எவன் நிறம் ஜாஸ்தி திரும்பி வந்திருக்கிறதோ, அவன் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம்.

அன்றிலிருந்து ஆதிகேசவனுக்கு ஊரில் வேறு எந்த நிறமும் கண்ணில் படவில்லை.

யூஜின் ரிச்சர்ட்ஸ் டவுன்காரன். மூன்று தலைமுறையாக கன்டோன்மென்ட்டில் இருக்கிற குடும்பம். கஸ்டமரிடம் இங்கிலீஷில் பேசுவான். அவர்களும் இவன் எண்ணெய்க் கையைப் பிடித்துக் குலுக்குவார்கள். அந்தக் குலுக்கலைப் பார்க்கும்போதெல்லாம் ஆதிகேசவன் தன் கையை லுங்கித் துணியில் துடைத்துக்கொள்வான், யாரும் கேட்காமலே. யூஜினுக்கு ஓனர் ரூமில் கண்ணாடி கிளாசில் டீ; மற்றவர்களுக்குக் கேட் ஓரத்தில் அலுமினியக் குவளை. எல்லாவற்றுக்கும் மேலே அந்தச் சட்டை. நீல நிறம், மார்பில் பை, பையின் மேல் சிவப்பு நூலில் அவன் பெயர். ஆதிகேசவன் முப்பது வயதுக்கு மேல்தான் எழுத்துக் கூட்டப் படித்தவன். பஸ் போர்டுக்கு அடுத்தபடியாக அவன் தடுமாறாமல் படித்த இங்கிலீஷ் எழுத்து அந்தப் பெயர்தான். அதுவே அவனுக்கு எரிச்சலாக இருந்தது.

அவன் மனைவி கோமளம் ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள். "கல்யாணம் ஆன புதுசுல என்னைப் பத்திகூட நீ இவ்ளோ பேசினதில்ல. பேசாம அந்த யூஜினையே கட்டிக்கினிருக்கலாம்."

அவள் பொம்மனஹள்ளியில் ஒரு கார்மென்ட்ஸில் சட்டை தைக்கிறவள். பேச்சும் ஊசி மாதிரிதான்.

ஆனால் ஆதிகேசவனுக்கு ஒரு ரகசியம் இருந்தது. மஞ்சளும் திரும்பி வந்தது.

வண்டி சத்தம் போட்டால் டிரைவர் முதலில் எவன் செய்தானோ அவனிடமேதான் வருவான். அது ஷெட்டு வழக்கம். மதலைமுத்து மாதிரி டிரைவர்கள் குனிந்து காதோரம் சொல்வார்கள்: "அண்ணே, திரும்பவும் டக்கு டக்குங்குது. ஓனருக்குத் தெரியாம பாத்து உடு." ஆதிகேசவன் கலாசிபாளையம் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு ஓடி, சொந்தக் காசில் நல்ல ஜாயின்ட் வாங்கி வந்து, யாரும் பார்க்காத நேரம் மாட்டிவிடுவான். தேய்ந்ததைச் சோற்றுப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய்க் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவான். அப்படி மாட்டிய வண்டி மறுபடி வந்ததே இல்லை. இரண்டாம் தரம் கவனமாகச் செய்தேன், அதனால் நிற்கிறது என்று தன் கையைத்தான் மெச்சிக்கொண்டான். ஓனர் வாங்கி ஸ்டோரில் வைத்திருந்த ஜாயின்ட் பெட்டியை அவன் நினைக்கவே இல்லை.

யூஜின் இல்லாத நேரத்தில் வெள்ளை கையில் சிக்கினால் மட்டும் கதை வேறு. இன்றைக்குச் சிக்கியதை ஓனர் மேசையில் 'ணங்' என்று சத்தம் கேட்க வைத்துவிட்டு வந்தான்.

அன்று மத்தியானமே அந்தச் செய்தி வந்தது. பொம்மனஹள்ளி சிக்னலுக்குச் சற்று முன்னால் மதலைமுத்துவின் கார் வலது சக்கரம் மடங்கி, நடுத் தடுப்பில் மோதிவிட்டது. பின்னால் இருந்த பெண்கள் சிராய்ப்போடு தப்பினார்கள். மதலைமுத்துவுக்குத் தொடை எலும்பு முறிந்தது. சாயங்காலம் கிரேன் அந்தக் காரை இழுத்து வந்து ஷெட்டுக்குள் இறக்கியபோது முன் சக்கரம் உடைந்த கால் மாதிரியே வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தது.

ஓனர் ஆதிகேசவனைக் கூப்பிட்டனுப்பினார். உட்காரச் சொன்னார். கண்ணாடி கிளாசில் டீ வந்தது.

"வலது பக்கம் வெள்ளை. பாத்தியா?"

"இன்னும் பாக்கல சார்."

"நான் பாத்துட்டேன். நாளைக்கு வண்டியப் பாக்க இன்ஸ்பெக்டர் வருவாரு. நட்டு லூசா இருந்துச்சு, நான் சொன்னேன், யூஜின் கேக்கலன்னு ஒரு வார்த்தை சொல்லு. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

"அவன்மேல கேஸ் ஆவுமே சார்."

"ஆவட்டும். அவன் உனக்கு மாமனா மச்சானா? அவன் போனா ஃபோர்மேன் யாரு? அந்தச் சட்டையில உன் பேரத் தச்சுத் தரேன்."

டீ இனித்தது. ஆதிகேசவன் என்று முழுசாகத் தைத்தால் அந்தப் பை மேல் இடம் பத்துமா என்றுகூட ஒரு கணம் யோசித்துவிட்டான்.

வெளியே வந்து நேராக அந்தக் காரண்டை போனான். சொல்லப்போவது பொய்யாக இருக்கக் கூடாது என்று அவனுக்கு ஒரு ஆசை. நட்டு உண்மையிலேயே லூசாக இருந்துவிட்டால் மனசும் சும்மா இருக்கும், சட்டையும் கிடைக்கும். முட்டி போட்டுக் கந்தலால் துடைத்தான். வெள்ளைக் கோடு தெரிந்தது. நட்டிலிருந்து போல்ட்டுக்கு, ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி, ஒரு நூல்கூட விலகாமல். யூஜின் முடுக்கின முடுக்கு அப்படியே இருந்தது. குண்டுதான் தேய்ந்து கிண்ணத்தைவிட்டு நழுவியிருந்தது. ரப்பர் உறை அப்பளமாக நொறுங்கியது. உள்ளே கிரீஸ் இருந்த வாடையே இல்லை.

எழுந்து சுற்றிக்கொண்டு இடது பக்கம் போனான். அங்கே மஞ்சள். தானே மாட்டியது, அதே வாரம், அதே பெட்டியிலிருந்து. அதன் கோடும் நேராக இருந்தது. ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினான்.

டக்.

இன்னொரு தரம் ஆட்டினான். டக். இந்தப் பக்கம் முதலில் மடங்கியிருந்தால் வெள்ளைக்குப் பதில் மஞ்சள். அவ்வளவுதான் வித்தியாசம்.

"உங்களதும் ஆடுதா கேசவண்ணா?"

பின்னால் யூஜின் நின்றிருந்தான். முகம் வெளிறி, சட்டை வியர்வையில் ஒட்டி, ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்திருந்தான். பிறகு அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்தான்.

"நான் ஒண்ணு சொன்னா சிரிக்கக் கூடாது. எங்க வீட்டு மாடிப்படிக்கு அடியில ஒரு கோணிப்பை இருக்கு. பழைய இரும்புக்காரனுக்குப் போடுன்னு என் வைஃப் பவுலின் டெய்லி கத்துறா. எல்லாம் என் வெள்ளை. தேய்ஞ்சு வந்தது. சொந்தக் காசுல வேற வாங்கி மாட்டிட்டு, இதை மறைச்சு எடுத்துட்டுப் போயிடுவேன்."

"கலாசிபாளையத்திலயா?"

"ஜே.சி. ரோடு. ஏன்?"

ஆதிகேசவன் சிரிக்கவில்லை. "எங்க கட்டிலுக்கு அடியிலயும் இருக்குது" என்றான்.

யூஜின் அவனை நிமிர்ந்து பார்த்தான். கேசவன் கை பட்டால் திரும்பி வராது, நீ ஃபோர்மேன்னு சட்டை மட்டும் போட்டுக்கிட்டா போதுமா என்று ஓனர் தினமும் குத்திக் காட்டுவாராம். "உங்க கையைப் பாத்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும்ண்ணா. சாப்பாடு இறங்காது" என்றான்.

தன்மேல் ஒருவன் பொறாமைப்படுவான் என்பது ஆதிகேசவனுக்குப் புதிய செய்தி. முதலில் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. அப்புறம்தான் காலையில் மேசையில் வைத்த அந்த 'ணங்' காதில் கேட்டது.

ஸ்டோர் பக்கம் கை கழுவிக்கொண்டிருந்த நஞ்சுண்டன் இதையெல்லாம் கேட்டபடி வந்து நின்றான். "நந்தும் உண்டு குரு, என்னதும்தான்," என்றான். "மாட்டுக் கொட்டாய்ல புல்லுக்கு அடியில வெச்சிருக்கேன். பச்சை மட்டும்தான் கெட்டுதுன்னு ஒண்ணரை வருஷமா என் கையையே திட்டிக்கிட்டிருக்கேன்."

மூன்று பேரும் ஸ்டோரில் புதுப் பெட்டி ஒன்றைப் பிரித்தார்கள். பேர் பெற்ற கம்பெனியின் ஸ்டிக்கர். நகத்தால் சுரண்டியதும் அடியில் கம்பெனிப் பேரே இல்லாத மொட்டை அட்டை. ஜாயின்ட்டின் ரப்பரை யூஜின் விரலால் மடக்கினான். புத்தம் புதுசு, அப்போதே வெடிப்பு.

வீட்டில் ஆதிகேசவன் கட்டிலுக்கு அடியிலிருந்து சாக்கை இழுத்தபோது கோமளம் என்ன ஏது என்று கேட்டாள். ஓனர் சொன்னதைச் சொன்னான். சட்டையையும் சொன்னான்.

"சட்டையா?" என்றாள் அவள். "நாள் பூரா சட்டைதானே தைக்கிறேன். வேணும்னு சொல்லியிருந்தா நான் தச்சுத் தந்திருக்க மாட்டேனா? மதலைமுத்து பொண்டாட்டி என் பக்கத்து மிஷின்ல காஜா எடுக்கிறா. நாளைக்கு அவ மூஞ்சில நான் எப்படி முழிக்கிறது, அத சொல்லு."

சாக்கின் ஒரு முனையை அவளே பிடித்துத் தூக்கிக் கொடுத்தாள்.

மறுநாள் விடியலில் வண்டிகள் வந்தன. யாரும் அடியில் படுக்கவில்லை. ஓனர் வரும்போது அவருடைய ரூம் வாசலில் தேய்ந்த மூட்டுகள் குவியலாகக் கிடந்தன. மஞ்சள், வெள்ளை, பச்சை, எது எவனுடையது என்று பிரிக்க முடியாத குவியல். அதன் பக்கத்தில் சுரண்டிய ஸ்டிக்கரோடு அந்தப் பெட்டி. மூவரும், அவர்களோடு வெல்டரும் பெயின்டரும், உடைந்த காரைச் சுற்றித் தரையில் உட்கார்ந்திருந்தார்கள்.

"இதென்ன குப்பை?"

"உங்க சரக்கு சார்," என்றான் ஆதிகேசவன். "நாங்க பத்திரமா வெச்சிருந்தோம்."

கோவிந்தராஜன் ஒருமுறை குவியலைப் பார்த்தார், ஒருமுறை அவனைப் பார்த்தார். ரோடு இப்படிக் கிடந்தால் எந்த ஜாயின்ட் நிற்கும் என்றார். டிரைவர்கள் காட்டான்கள் மாதிரி ஓட்டுகிறார்கள் என்றார். கடைசியில் குரலைத் தணித்தார்.

"கேசவா, நேத்து நீ டீ குடிச்சிட்டு என்ன சொல்லிட்டுப் போன?"

"ஒண்ணும் சொல்லல சார். டீதான் குடிச்சேன்."

"முதல்ல இந்த வண்டியை ஷெட்டைவிட்டு வெளிய தள்ளுங்க. ஸ்கிராப்புக்குப் போகணும்."

"இன்ஸ்பெக்டர் வந்து பாக்கட்டும்," என்றான் யூஜின். "ரெண்டு பக்கமும் பாக்கட்டும். அதுவரைக்கும் வண்டி நகராது."

"உன்மேலதான்டா கேஸ். தெரியுமில்ல?"

"வெள்ளை மேலன்னா மஞ்சள் மேலயும்தான்," என்றான் ஆதிகேசவன். "இன்ஸ்பெக்டர் என்னைக் கேட்டா கோட்டைக் காட்டுவேன். நகராத கோடு சார், ரெண்டுமே. மதலைமுத்து ஆஸ்பத்திரிச் செலவை நீங்க ஏத்துக்கணும். இந்தச் சரக்கு திரும்பிப் போகணும். பிடித்தம் நிக்கணும். இவனும் போகக் கூடாது, நானும் போக மாட்டேன்."

"ஓசூர்லேருந்து சாயங்காலத்துக்குள்ள வேற ஆளு இறக்குறேன் பாரு."

"இறக்குங்க. அவங்களுக்கு என்ன கலர் தருவீங்க?" என்றான் நஞ்சுண்டன். வெல்டர் சிரித்துவிட்டான்.

ஓனர் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். கண்ணாடிக்குப் பின்னால் அவர் போனில் பேசுவது தெரிந்தது. வேறு ஆட்களையா, போலீஸையா, இவர்களுக்குத் தெரியாது. யூஜின் கேட்டருகே போய், வரிசையாக நின்ற டிரைவர்களிடம் கன்னடத்திலும் தமிழிலுமாக விஷயத்தைச் சொன்னான். அழகாகத்தான் சொன்னான். அதைக் கேட்டபோது ஆதிகேசவனுக்குப் பழைய எரிச்சல் எட்டிப் பார்த்தது. வந்துட்டியா, உக்காரு என்று அதற்கும் பக்கத்தில் இடம் கொடுத்துவிட்டு, எழுந்து யூஜின் அருகில் போய் நின்றான்.

டிரைவர்கள் உடனே வண்டியைவிட்டு இறங்கவில்லை. அவர்களுக்கும் டிரிப் இருக்கிறது, பயமும் இருக்கிறது. ஒருவன் ஹாரன் அடித்தான். முன்னால் நின்ற வண்டியின் டிரைவர் மட்டும் இன்ஜினை அணைத்துவிட்டுக் கீழே இறங்கினான். மதலைமுத்து ஊர்க்காரன். ஜாக்கியைப் போட்டுத் தன் வண்டியின் முன் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினான்.

டக்.

கையை எடுக்காமல் அப்படியே நின்றான். பின்னால் ஹாரன் அடித்தவன் இறங்கி வந்து எட்டிப் பார்த்தான். ஜாக்கியை வாங்கிக்கொண்டு போய்த் தன் வண்டியைத் தூக்கினான். டக் டக். அதற்கும் பின்னால் இன்னொரு இன்ஜின் அணைந்தது, இன்னொரு கதவு திறந்தது. கேட்டைத் தாண்டி, ஓசூர் ரோட்டோரம் நின்ற வரிசை நெடுக, அந்தச் சத்தம் ஒவ்வொரு வண்டியாகப் போய்க்கொண்டே இருந்தது.

கண்ணாடிக்குப் பின்னால் ஓனர் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டுத் தெருப்பக்கம் பார்த்தார்.