தம்பிக்கு வந்த எண்

அன்று அலுவலக அறையில் இருந்தவர்கள்: நான், என் தம்பி, அவன் மனைவி, கணினி முன்னால் என் மகள், வாசலில் சாவியைச் சுழற்றிக்கொண்டு, குட்டை என்று எல்லாரும் கூப்பிடும் டிரைவர். வேறு யாரும் இல்லை. நேரில் பார்த்ததாகச் சொல்லிக்கொண்டு திரிபவர்கள் யாரும் அங்கே இல்லை.

எங்கள் லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியை ஆரம்பித்தது நானும் தம்பியும். ஆட்களின் விவரத்தை மகள் கணினியில் ஏற்றியபோது ஒவ்வொருவருக்கும் ஓர் எண்ணை அதுவே போட்டது. எனக்கு ஒன்று, தம்பிக்கு இரண்டு. பிறகு அவன் முறுக்கிக்கொண்டு எதிர்த் தெருவில் தனிக்கடை போட்டான். அன்றே கணினியில் அவன் பெயர் இருந்த வரியை அழிக்கச் சொன்னேன்.

"வேலையில இல்லைன்னு குறிச்சு வச்சா போதும்ப்பா" என்றாள் மகள்.

"அழி" என்றேன். அழித்தாள்.

கடை படுத்துவிட்டது. தம்பி திரும்பி வந்தான். சம்பளம்கூடப் பேசவில்லை. பழைய எண் போட்ட அட்டை கழுத்தில் தொங்கினால் போதும், ஆட்கள் முன்னால் தலை நிமிர்ந்து நடப்பேன் என்றான்.

மகள் அவன் பெயரைச் சேர்த்தாள். அட்டை வந்தது. அறுபத்தொன்று.

"என்னம்மா இது?"

"புதுசா சேர்த்தா கடைசி எண்ணுக்கு அடுத்ததைத்தான் போடும் சித்தப்பா. அழிச்சதை அதுவா திருப்பித் தராது."

குட்டை வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "அறுபது நானு! சின்ன முதலாளி நமக்குப் பின்னாடியா? வாங்க, வண்டியில பின் சீட்டு காலிதான்."

யாரும் சிரிக்கவில்லை. மகள் என் பக்கம் திரும்பினாள். "ரெண்டு இன்னும் காலியாத்தான் இருக்குப்பா. கையால போட்டா ஏத்துக்கும். சொல்லுங்க, போடறேன்."

"ஒரு வார்த்தைதானே மாமா" என்றாள் தம்பி மனைவி.

தம்பி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். குடும்பத்தை உதறிவிட்டுப் போனவனுக்காக டிரைவர் கண்ணெதிரே நான் வளைவதா?

"எல்லாருக்கும் எப்படியோ, அவனுக்கும் அப்படித்தான்."

அவன் அட்டையை மேசைமேல் கவிழ்த்து வைத்தான். "ஒன்னுக்கு அப்புறம் மூணுன்னே எண்ணிக்கோங்கண்ணே" என்றுவிட்டு இறங்கிப் போனான். அவன் மனைவியும் பின்னாலேயே போனாள். மகள் அன்றிலிருந்து என்னிடம் வேலை விஷயம் மட்டும்தான் பேசுகிறாள்.

தம்பியை அவமானப்படுத்த நானே பொறுக்கியெடுத்து அந்த எண்ணைக் கொடுத்தேன் என்று சொந்தத்தில் பேசிக்கொள்கிறார்கள். பொய். அறுபத்தொன்றைக் கொடுத்தது கணினி. இரண்டைக் கொடுக்காதது மட்டும்தான் நான்.