இல்லாத கொம்பு

முப்பத்தேழு விடைத்தாள்களில் தவறான விடைக்குச் சரி போட்டு முடித்துவிட்டு, முப்பத்தெட்டாவதில் சரியான விடைக்குத் தவறு போட வேண்டிய இடத்தில் டீச்சரின் கை நின்றது. ஏழாவது கேள்வி. நாய் தன் வாலை ஆட்டியது என்பதன் ஆங்கில வாக்கியத்தில் விடுபட்ட சொல்லை எழுத வேண்டும். 'தன்' என்பதற்கான இட்ஸை அந்தப் பெண் உருண்டையான கையெழுத்தில், மேலே எதுவும் வைக்காமல் மொட்டையாக எழுதியிருந்தாள். அதுதான் சரி. பக்கத்தில் விரித்து வைத்திருந்த விடைப் பட்டியலிலோ டீக்கும் எஸ்ஸுக்கும் நடுவே ஒரு கொம்பு உட்கார்ந்திருந்தது. ஆசிரியர் அறையில் யாரோ மூடாமல் விட்டுப்போன சாப்பாட்டு டப்பாவின் புளித்த வாடை. டீச்சர் எழுந்து போய் அதை அழுத்தி மூடிவிட்டு வந்து, மறுபடியும் அதே தாளின் முன் உட்கார்ந்தாள்.

ஐந்தாம் வகுப்புக்கு அவள்தான் ஆங்கிலம். இரண்டு சொற்கள் ஒட்டிக்கொள்ளும்போது நடுவில் ஓர் எழுத்து நசுங்கிவிடும், அது இருந்த இடத்தில் மேலே அபாஸ்ட்ரபி என்று ஒரு சின்னக் கொம்பு வையுங்கள் என்று சொல்லித்தருவாள். பிள்ளைகளுக்கு அவள் கொம்பு டீச்சர். சந்தேகம் வந்தால் இட் இஸ் என்று பிரித்துப் படி; பொருந்தினால் கொம்பு வை, பொருந்தாவிட்டால் வைக்காதே. நாய் 'அது இருக்கிறது' வாலை ஆட்டியது என்று வருகிறதே, சரியா என்று கேட்டதும் வகுப்பே சிரித்து உருண்டது. அந்தப் பெண் மட்டும் சிரித்து முடிப்பதற்குள் அடுத்த கேள்விக்குப் போயிருந்தாள். டூ நாட் டோன்ட் ஆகிறது, சரி. வில் நாட் எப்படி வோன்ட் ஆகும், ஐ எங்கே போனது, ஓ எங்கிருந்து வந்தது? வகுப்பில் அவளுக்கு 'ஏனம்மா' என்று பெயர். டீச்சருக்கும் விடை தெரியவில்லை. இரண்டு நாள் தேடி, பழைய காலத்தில் அந்தச் சொல்லுக்கே வோல் என்று ஒரு வடிவம் இருந்ததாம் என்று வந்து சொன்னாள். ஏனம்மா அதை நோட்டில் எழுதிக்கொண்டாள். டீச்சர் அதன் கீழே சிவப்பில் வெரிகுட் போட்டுக் கையெழுத்தும் போட்டாள்.

பிறகுதான் பயிற்சிப் புத்தகம் வந்தது. எழுதியவர் தலைமையாசிரியையான பெரிய மேடத்தின் கணவர். பின்னட்டையில் கோட்டு போட்டுச் சிரித்தார். பசை நாற்றம் போகாத அந்தப் புத்தகத்தில் ஒரே பாடத்தில் நான்கு தவறுகள். உன்னுடைய என்பதற்கான யுவரும், நீ இருக்கிறாய் என்பதன் சுருக்கமும் இடம் மாறிக் கிடந்தன. டீச்சர் பிள்ளைகளைப் பென்சிலால் திருத்திக்கொள்ளச் சொன்னாள். மறுநாளே மேடம் கூப்பிட்டனுப்பினார்.

மேடம் ஆரஞ்சு தின்றுகொண்டிருந்தார். ஒவ்வொரு சுளையிலும் நாரை நிதானமாக உரித்து, கொட்டையை விரலில் துப்பித் தட்டின் ஓரத்தில் அடுக்கினார். புத்தகம் எல்லா வகுப்புக்கும் போய்விட்டது, பரீட்சையும் அதிலிருந்துதான் என்றார். டீச்சர் அகராதியைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கினாள்.

"மத்த டீச்சருங்க எல்லாம் பேசாம நடத்துறாங்க. உங்களுக்கு மட்டும் என்ன கொம்பா முளைச்சிருக்கு?"

டீச்சர் சிரித்தாள். சிரிக்க வேண்டும் என்று நினைக்கவேயில்லை. வாய் தானாக விரிந்துகொண்டது. வராந்தாவுக்கு வந்த பிறகும் அந்தச் சிரிப்பு கன்னத்தில் எச்சில் போல ஒட்டிக்கொண்டிருந்தது. கைக்குட்டையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். பரீட்சையில் மட்டும் புத்தகத்தில் இருப்பதுபோலவே எழுதிவிடுங்கள் என்று அன்றே வகுப்பில் சொல்லியும்விட்டாள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. ஏனம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது ஏனம்மாவின் அந்தத் தாளில் நான்கு தவறுகள் போட்டாள். முதலிடத்தில் இருந்தவள் நான்காவதாக இறங்கினாள். முதல் மூன்று பேரைத்தான் பெரிய பள்ளியின் நுழைவுத் தேர்வுக்கு அனுப்புவார்கள்.

தாளைக் கொடுத்த நான்காம் நாள் பெண்ணின் அம்மா மகளோடு மேடத்தின் அறைக்கு வந்தாள். டீச்சரையும் கூப்பிட்டார்கள். தையல்காரி. முந்தானையில் பச்சை நூல் துணுக்குகள் ஒட்டியிருந்தன. துணி தைக்க வரும் ஒரு வக்கீலம்மாவிடம் தாளைக் காட்டியிருக்கிறாள். நான்குமே சரி என்று அவர் சொன்னாராம். குரலை உயர்த்தவில்லை. மேடத்தை விட்டுவிட்டு டீச்சரைப் பார்த்துத்தான் கேட்டாள்.

"நீங்க சொல்லிக்கொடுத்ததைத்தான் எழுதினேன்கிறா. நீங்க எப்படிச் சொல்லிக்கொடுத்தீங்க டீச்சர்?"

மேடத்தின் கையில் இருந்த பேனா மேசையைத் தட்டுவதை நிறுத்தியது.

"புக்குல இருக்கிறதைத்தான் சொல்லிக்கொடுத்தேன். அவ சரியா கவனிச்சிருக்க மாட்டா."

அம்மாவின் பக்கத்தில் நின்ற ஏனம்மாவின் கை அப்போது பைக்குள் இருந்தது. நோட்டின் நீல அட்டை பாதி வெளியே வந்திருந்தது. உள்ளே டீச்சரின் சிவப்புக் கையெழுத்தே ஒவ்வொரு பக்கத்திலும் இருக்கிறது. பெண் நிமிர்ந்து டீச்சரின் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். பிறகு நோட்டை மெல்ல உள்ளே தள்ளி, சத்தம் வராமல் ஜிப்பை இழுத்து மூடினாள்.

அன்று மதியம் டீச்சரால் சாப்பிட முடியவில்லை. எதை வாயில் வைத்தாலும் ஊசிப்போனதுபோல இருந்தது. வீட்டில் சொன்னபோது, எல்லா இடத்திலும் இப்படித்தான், இதற்கெல்லாமா மனசைப் போட்டு உழப்பிக்கொள்வது என்றார் கணவர். நல்ல மனுஷன், ஆறுதலாகத்தான் சொன்னார். அவர் வாயையும் பார்க்கப் பிடிக்காமல் எழுந்து போனாள்.

சனிக்கிழமை காலை தையல் கடையைத் தேடிப் போனாள். ஒற்றை அறை, ஒரு மிஷின், சுவரெல்லாம் தொங்கும் துணிகள். தையல்காரி மிஷினை நிறுத்தினாள். உட்காரச் சொல்லவில்லை.

"அன்னைக்கு நான் சொன்னது பொய்" என்றாள் டீச்சர்.

"தெரியும். நோட்டைக் காட்டினா." தையல்காரி கத்தரிக்கோலை எடுத்து ஓரமாக வைத்தாள். "ஏண்டி அங்கேயே காட்டலைன்னு கேட்டேன். காட்டினா டீச்சருக்கு வேலை போயிடும்மா, பாவம்னு சொல்றா. அவளுக்குப் பத்து வயசுதான், டீச்சர். நீங்க பொய் சொன்னதைக்கூட விட்டுடலாம். எம் பொண்ணு அதைப் புரிஞ்சுக்கிட்டா பாருங்க, அதுதான் எனக்கு அருவருப்பா இருக்கு."

தெருவில் யாரோ வண்டியை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்த்தார்கள்.

"பேர் அனுப்புறதுக்கு திங்கக்கிழமை வரைக்கும் டைம் இருக்காம்" என்றாள் தையல்காரி. "இங்க வந்து சொன்னதை ஒரு பேப்பர்ல எழுதி, கையெழுத்துப் போட்டுத் தருவீங்களா?"

உள்ளே திரை விலகியது. ஏனம்மா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு வந்தாள். அதை டீச்சருக்குப் பின்னால் இறக்கி வைத்தாள். குப்பைக் கூடையிலிருந்து ஒரு வெட்டுத்துணியை எடுத்து, உட்காரும் இடத்தையும் இரண்டு கைகளையும் முதுகையும் துடைத்தாள். ஒரு மூலையில் அழுக்கு போகவில்லை. துணியில் எச்சில் தொட்டு, நாற்காலியின் மேல் குனிந்து, அந்த இடத்தையே தேய்க்க ஆரம்பித்தாள்.