சேர்த்துப் போட்ட விண்ணப்பம்

மரவேலை வகுப்புக்கு விண்ணப்பம் எழுதியது அவள்தான். தன் பெயர், கணவர் பெயர், கீழே குறிப்புக் கட்டத்தில் ஒரு வரி: "இருவருக்கும் ஒரே மேஜை தரவும்." சமையலறைக்கு ஒரு முக்காலி செய்வதாக ஏற்பாடு. மேல்தட்டு அவளுக்கு எட்டாது. "ஏங்க, அந்த டப்பா" என்று கேட்டுக் கேட்டு அவருக்குக் காது புளித்துப்போயிருந்தது.

இடம் கிடைக்க இரண்டு வருஷம் ஆயிற்று. அதற்குள் அவர் போய்விட்டார். சண்டையில்லை, சத்தமில்லை. ஒரு ஞாயிறு மத்தியானம், "என்னால முடியலம்மா, மன்னிச்சிடு" என்றார். பெட்டியில் நாலு துணியை எடுத்து வைத்துக்கொண்டு தன் அக்கா வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். பதினோரு வருஷக் குடித்தனம். போன மாதம் கோர்ட்டில் விவாகரத்தும் ஆகிவிட்டது. கண் ஆஸ்பத்திரியில் பார்வை சோதிக்கிற வேலை அவளுக்கு. அங்கே ஒருவரிடமும் மூச்சுவிடவில்லை. வாயைத் திறந்தால் அழுதுவிடுவோமோ என்ற பயம்.

வகுப்பிலிருந்து அழைப்பு வந்தபோது, அவர் வரமாட்டார் என்று நம்பி அவள் போனாள். அவள் வரமாட்டாள் என்று நம்பி அவரும் வந்தார்.

சொல்லிக்கொடுப்பவளுக்கு முப்பது வயதுகூட இருக்காது. எல்லோரும் அவளை மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். "நீங்க ரெண்டு பேரும் ஜன்னலோரம். கேட்ட மாதிரியே ஒரே மேஜை!" என்றாள்.

அடுத்த மேஜையில் ஓய்வுபெற்ற போஸ்ட்மேன். "குடுத்து வச்சவங்க. எங்க வீட்டம்மா கையில உளியைக் குடுத்தா, மொதல்ல என்னைத்தான் செதுக்குவா." பட்டறையே சிரித்தது. அவர்களும் சிரித்து வைத்தார்கள்.

"வேற மேஜை கேக்கட்டுமா?" என்றார் அவர் மெதுவாக.

"இன்னிக்கு ஒரு நாள் போகட்டும்."

அன்று ரம்பம் பிடிக்கப் பழகினார்கள். ஒருவர் பலகையை அழுத்திப் பிடிக்க, மற்றவர் அறுக்க வேண்டும். அவளுக்கு இடது கைப் பழக்கம். அவர் எதுவும் கேட்காமல் பலகையைத் திருப்பிப் போட்டு, எதிர்ப்பக்கம் போய் நின்றுகொண்டார்.

அடுத்த வாரமும் யாரும் மேஜை மாற்றிக் கேட்கவில்லை. "சாப்பிட்டியா?" என்று ஒரு நாள் கேட்டார். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டே அவள் வாரம் முழுக்க ஓட்டினாள். வகுப்பு சனிக்கிழமைகளில். வெள்ளிக்கிழமையானால் நல்ல உடுப்பாகப் பார்த்து இஸ்திரி போட்டாள். தூசியில் நிற்கப் போகிறவளுக்கு இதெல்லாம் எதற்கு என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

நாலாவது சனிக்கிழமை, முக்காலியின் காலைச் சொருகுவதற்குத் துளை போடும் வேலை. உளியை நிறுத்தி அவள் தட்டிக்கொண்டிருந்தாள். அவர் பலகையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"வேற யாரும் சொல்லி உனக்குத் தெரிய வேண்டாம்னு பாத்தேன். அடுத்த மாசம் எனக்குக் கல்யாணம். கூட வேலை பாக்கற டீச்சர்."

அவள் சுத்தியலை இறக்கவில்லை. "நீங்க வீட்டை விட்டுப் போறதுக்கு முன்னாடியே பழக்கமா?"

அவர் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்புறம் எதுக்கு வாராவாரம் இங்க வந்தீங்க?"

"மொத நாள் நீ தனியா நின்னுட்டிருந்த. விட்டுட்டுப் போக மனசு வரல."

"மனசு வரலையா!" என்றாள். சிரிப்பு மாதிரி ஏதோ ஒன்று வந்தது. "சரி, கெட்டியாப் பிடிங்க. இதை முடிச்சிடறேன்."

ஓங்கி அடித்தாள். பலகை நீளவாக்கில் பிளந்தது.

மாஸ்டர் ஓடி வந்தாள். "பரவால்லக்கா, மொதல்ல எல்லாருக்கும் இப்படித்தான் ஆகும். உங்க வீட்டுக்காரரை வேற பலகை எடுத்துட்டு வரச் சொல்லுங்க."

"இவர் என் வீட்டுக்காரர் இல்ல மாஸ்டர்" என்றாள். "ஒண்ணரை வருஷமா இல்ல."

அதோடு உடைந்துவிட்டாள். ஒன்றரை வருஷமாக அடக்கி வைத்திருந்த அழுகை. கையில் உளியோடு, முன்பின் தெரியாத பத்துப் பேர் நடுவில் நின்று அழுதாள். ரம்பச் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. அவர் பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். போஸ்ட்மேன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார். "தெரியாம வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன் தாயி" என்றார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது.

கணவராக இருந்தவர் அதன் பிறகு வரவில்லை. அவள் போனாள். போகாமல் வீட்டில் இருப்பது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. மாஸ்டர் எதையும் கிளறவில்லை. ஒரு இரும்புக் கிளாம்பைக் கொண்டு வந்து மேஜையில் பலகையை இறுக்கிக் காட்டினாள். "இனிமே பிடிக்க ஆள் வேணாம்க்கா." சில நாள் வேலை நடந்தது. சில நாள் பலகையைத் தடவிக்கொண்டு சும்மா உட்கார்ந்துவிட்டு வந்தாள்.

மூன்றாம் மாதக் கடைசியில் முக்காலி முடிந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் அதைத் தொட்டுப் பார்த்தாள்.

"நீங்களே செஞ்சதா? வீட்டுல பாத்தா எவ்வளவு சந்தோஷப்படுவாங்க!"

"ஆமாங்க" என்று சொல்லிவிட்டு, அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.