கருப்புக்கு நேர்ந்த சேவல்

அந்தச் சேவல் செவலை என்றுதான் நினைக்கிறேன். கால்நடை டாக்டர் அனுசியா கறுப்பு என்கிறார். கோழியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு அதன் பின்புறத்தை மட்டும் பார்ப்பது என் வேலை. நிறத்தைப் பற்றிய என் நினைவை யாரும் நம்ப வேண்டியதில்லை. மற்றவை ஏறக்குறைய இப்படித்தான் நடந்தன.

ராஜாராமின் பண்ணை குரங்கணிச் சாலையில் ஒரு மாந்தோப்புக்குள் இருந்தது. முன்பு கம்பெனிக்குக் கறிக்கோழி வளர்த்தவர். அது பிடிக்காமல் நாட்டுக்கோழிக்கு மாறியிருந்தார். போடிமெட்டுக்கு மேலே, ஏலத்தோட்டங்களுக்கு நடுவிலிருந்த ஒரு விடுதி, அவருடைய கோழிகள் அத்தனையையும் எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது. ஆன்டிபயாடிக் கொடுக்காத கோழி என்று சான்றிதழ் மட்டும் வேண்டும். அது கிடைக்காவிட்டால் அவர் மறுபடி கம்பெனிக்குத்தான் போக வேண்டும்.

அதற்காகத்தான் எங்களைக் கூப்பிட்டார். கறியைச் சோதித்துப் பயனில்லை. மருந்தை நிறுத்திவிட்டால் சில நாட்களில் கறியிலிருந்து போய்விடும். குடலிலுள்ள கிருமிகள் அவ்வளவு சீக்கிரம் மறப்பதில்லை. மருந்துக்குத் தப்பியவை, தப்பிக்க உதவிய மரபணுக்களோடு பெருகியிருக்கும். அந்த மரபணுக்கள் எந்த அளவில் இருக்கின்றன என்று பார்த்து, மருந்து கொடுக்கப்பட்டதா என்று டாக்டர் சொல்லிவிடுவார். நான் பிடிப்பேன், அவர் பஞ்சுக்குச்சியை நுழைப்பார். கோழிகள் கருத்து எதுவும் தெரிவித்ததில்லை.

"எனக்குக் காய்ச்சல்னாலே நான் மாத்திர போடுறதில்ல டாக்டரம்மா. கோழிக்கா குடுப்பேன்?" என்றார் ராஜாராம். பிறகு அவராகவே அந்தச் சேவலைத் தூக்கி வந்தார். "இவனையும் பாருங்க. பண்ணைக்கே ராசா."

"அது எதுக்கு? வேற பிடிங்க" என்றார் அவர் மனைவி ஈஸ்வரி.

"ஏன், இவன் வெக்கப்படுறானா?"

நான் பிடித்தேன்.

முடிவு வந்தபோது சேவலைத் தவிர மற்ற எல்லாக் கோழிகளும் சுத்தம். நாங்கள் மறுபடி போனோம்.

"சாமி சத்தியமா ஒரு சொட்டு மருந்து காட்டல" என்றார் ராஜாராம். "உங்க மெசினு பழுது."

"மெசினு பழுதுன்னா எல்லாக் கோழியும்ல மாட்டியிருக்கணும்ணே. இது ஒண்ணுதான் மாட்டுது" என்றேன்.

மலைக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்பு ஒன்று சாலையில் கடந்து, வளைவில் ஓசை தேய்ந்து மறைந்தது. எனக்கு அப்படிப்பட்ட நேரங்கள் பிடிக்கும். ராஜாராமுக்குப் பிடித்திருக்காது.

"நான்தான் குடுத்தேன்" என்றார் ஈஸ்வரி. "மெடிக்கல்ல எனக்குன்னு சொல்லி கேப்சூலு வாங்கி, பிரிச்சு சோத்துல பெசஞ்சு போட்டேன்."

"ஏத்தா, எதுக்கு?"

"வெள்ளையா கழிஞ்சுக்கிட்டுக் கெடந்துச்சு. செத்துருச்சுன்னா?"

"செத்தாச் செத்துட்டுப் போகுது. போன மாசம் ஏழெட்டுக் கோழி சாகல?"

"அதுகளக் கருப்பசாமிக்கு நேந்தா விட்டேன்?"

ராஜாராம் சேவலைப் பார்த்தார். அது எருக்குழியைக் கிளறிக்கொண்டிருந்தது.

"என்ன கேட்டு நேந்த?"

"இந்தச் சர்டிபிகேட்டுதான்."

டாக்டர் சிரிக்கவில்லை. ஒரு பறவைக்குக் கொடுத்திருந்தாலும் பண்ணைக்குச் சான்றிதழ் கிடையாது என்று விதியைச் சொன்னார். சேவலைப் பண்ணையிலிருந்து அகற்றிவிட்டுச் சில மாதம் கழித்துக் கூப்பிட்டால் மறுபடி சோதிக்கலாம்.

"அம்புட்டுத்தானே. வெரசா சிலமலைக்கு உங்கம்மா வீட்டுல கொண்டுபோய் விடு" என்றார் ராஜாராம்.

"நேந்து விட்டது வீட்ட விட்டுப் போகக் கூடாது."

"அப்ப அறு."

"கேட்டது நடக்காம எப்படி அறுக்க?"

சேவல் போனால்தான் சான்றிதழ் வரும். சான்றிதழ் வந்தால்தான் சேவல் போகும். மரபணுவை விட இதைப் புரிந்துகொள்வது எளிதாக இருந்தது.

எல்லோருமாகப் பூசாரி சின்ராசுவிடம் போனோம். கோயில் தோப்புக்குப் பின்னால்தான் இருந்தது. அவர் கவனமாகக் கேட்டார், மருந்தின் பெயரைக்கூடக் கேட்டார்.

"முன்கூட்டியே வெட்டிறலாமாண்ணே?" என்றார் ராஜாராம். "எப்படியும் குடுக்கப்போறதுதான."

"கருப்பு முன்பணம் வாங்குறவரு இல்லப்பா. சோலிய முடிச்சுட்டுத்தான் கூலி கேப்பாரு."

"முடிக்க விட மாட்டேங்குதே, இந்தச் சேவலு."

"அத அவருகிட்டச் சொல்லு."

ராஜாராம் கோயில் வாசலில் நின்று சொன்னார். என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. திரும்பி வரும்போது மனைவியிடம், "நாந்தானே தூக்கியாந்து குடுத்தேன்" என்றார்.

அவர்கள் எங்களைக் கூப்பிடவில்லை. விடுதிக்குத் தேவாரத்திலிருந்து ஒருவர் கோழி அனுப்புகிறார். அவரிடம் சான்றிதழ் இல்லை, விடுதியும் பிறகு கேட்கவில்லை. ராஜாராம் மறுபடி கம்பெனிக்குக் கறிக்கோழி வளர்க்கிறார். தீவனம் மூட்டையாக வருகிறது, அதில் என்ன இருக்கிறது என்று அவர் கேட்பதில்லை. ஈஸ்வரி அந்தக் கொட்டகையில் வேலை பார்க்கிறார். டாக்டர் அனுசியா நாமக்கல்லுக்கு மாறிப்போனார். சின்ராசு பூசாரியாகவே இருக்கிறார். நான் இப்போது வேறொரு டாக்டருக்குக் கோழி பிடிக்கிறேன். சேவல் நன்றாக இருக்கிறது.